கல்மண்டபம் பக்கத்து ஆம்ப்ளி கடை: வாட்ஸ் கேட்டால் டிரான்ஸ்பார்மரைக் காட்டுகிறார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆம்ப்ளிஃபையரில் ரிமோட், ப்ளூடூத், கலர் லைட் எல்லாம் பளபளவென்று வேண்டும் என்றால் இந்தக் கடை உங்களுக்கு ஒத்துவராது. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் பெயர்ப்பலகை இல்லாத சின்ன இடம். ஷட்டர் எப்போதும் பாதிதான் ஏறியிருக்கும், உள்ளே ஆள் இருக்கிறாரா என்று குனிந்து பார்த்துத்தான் கூப்பிட வேண்டும். காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். அவர்களுடைய பெரிய ஆம்ப்ளிகளை ரிப்பேர் செய்வதுதான் கடைக்கார அண்ணனுக்கு முக்கிய வேலை, கேட்பவர்களுக்கு வீட்டு ஆம்ப்ளியும் அசெம்பிள் செய்து தருவார். நான் வீட்டுக்கு ஒரு ஏபி கிளாஸ் செட்டும், தம்பி மொட்டை மாடியில் போட்டுக்கொள்ள ஒரு சின்ன டி கிளாஸ் செட்டும் வாங்கினேன், இந்த எழுத்துகள் என்னவென்று பின்னால் சொல்கிறேன். இரண்டும் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் பார்த்துவிட்டன, அதனால் இப்போது எழுதலாம்.

கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன். "அண்ணே, 200 வாட்ஸ்ல ஒண்ணு என்னா ஆகும்?" அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "வாட்ஸ வுடு தம்பி. ஸ்பீக்கர் எத்தினி ஓம்? சாய்ந்திரம் உங்க வூட்ல கரண்டு எப்டி வருது? அத்த சொல்லு மொதல்ல." ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்கிற அளவு. இந்தக் கேள்விக்காகவே கடைக்கு ஒரு ஸ்டார் கூடுதலாகத் தரலாம். ஸ்பீக்கருக்குப் போகிற ஒவ்வொரு வாட்ஸும் பவர் சப்ளையிலிருந்துதான் வந்தாக வேண்டும், ஆம்ப்ளியின் சர்க்யூட் போர்டின் வேலை உள்ளே வருகிற சின்ன சிக்னலுக்கு ஏற்ப அதை அளந்து விடுவது. பெரிய ஷோரூமில் விற்பவர்களிடம் பவர் சப்ளை பற்றிக் கேட்டால் பிளக்கைக் காட்டுகிறார்கள். இவர் கடையில் போர்டு கடைசியாகத்தான் வருகிறது.

ஆன்லைனில் 100 பிளஸ் 100 வாட்ஸ் என்று விற்கிற டி கிளாஸ் போர்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதில் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ 3116 சிப். நல்ல சிப்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் 21 வோல்ட் கொடுத்து, 4 ஓம் ஸ்பீக்கர் போட்டு, சத்தம் 10 சதவீதம் சிதைகிற (டிஸ்டார்ஷன்) வரைக்கும் தள்ளினால் சேனலுக்கு 50 வாட்ஸ் என்பதுதான் கம்பெனியே சொல்கிற கணக்கு. நம் ஆட்கள் அதை வாங்கி வந்து பழைய ரவுட்டரின் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரில் சொருகுகிறார்கள். 12-ஐ 2-ஆல் பெருக்கினால் 24 வாட்ஸ், இரண்டு சேனலுக்கும் சேர்த்து அதற்கு மேல் தொடர்ந்து எங்கிருந்து வரும்? அது போக 12 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு இந்தச் சிப்பால் 9 வாட்ஸுக்கு மேல் சுத்தமாகத் தரவே முடியாது, அடாப்டர் எத்தனை ஆம்பியராக இருந்தாலும் சரி. வோல்ட்டேஜை 24 ஆக்கினால் அதே போர்டு, அதே ஸ்பீக்கர், 30 வாட்ஸைத் தாண்டும். தம்பியின் செட்டுக்கு அண்ணன் 24 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்தான் (கனமான இரும்பு டிரான்ஸ்பார்மர் இல்லாத ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை) போட்டார். போர்டைவிட அதுதான் விலை அதிகம்.

1000 வாட்ஸ் பிஎம்பிஓ (கண நேர உச்சம் என்று சொல்லி விளம்பரத்துக்குப் போடுகிற பெரிய எண்) என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஹோம் தியேட்டர் உங்கள் வீட்டில் இருந்தால் பின்பக்கம் ஃபியூஸைப் பாருங்கள். 1 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அந்தப் பெட்டி தொடர்ந்து இழுப்பதே 230 வாட்ஸுக்குள்தான். மீதியை ஸ்டிக்கர் அடித்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, என் வீட்டு செட்டுக்கு வருகிறேன். ஸ்பீக்கர் இரண்டும் 8 ஓம். அதற்கு 24-0-24 (நடு வயரிலிருந்து இரண்டு பக்கமும் 24 வோல்ட்), 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர், முழுக்கச் செம்புக் கம்பி. அலுமினியக் கம்பி சுற்றியதும் வருகிறது, விலை குறைவு, ஆனால் அதே தடிமனில் சூடு அதிகம், லோடு ஏறினால் வோல்ட்டேஜும் அதிகமாக இறங்கும். ஏசி 24 வோல்ட், அதை டிசி ஆக்கும் டயோடைத் தாண்டி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் நிறைந்தால் 24 ஆகவே நிற்காது, அதன் உச்சிக்கு, அதாவது 1.414 மடங்குக்கு ஏறும். டயோடில் போவது போக பிளஸ் 33, மைனஸ் 33. போர்டு இதில் மேலும் கீழும் நாலைந்து வோல்ட்டை விட்டுவிடும், மிச்சம் இருக்கிற 29-ஐ வைத்துப் போட்டால் 8 ஓமில் சேனலுக்கு ஏறத்தாழ 50 வாட்ஸ். கடையில் அவர் அட்டைத் துண்டில் எழுதிக் கொடுத்ததும் இதே 50-தான். நான் கேட்டது 200, அவர் கொடுத்தது 50 பிளஸ் 50. அந்த 50-ஐயே எங்கள் வீட்டு ஹாலில் பாதிக்கு மேல் திருப்ப முடியாது, கீழ் வீட்டு அத்தை மேலே வந்துவிடுவார்.

போர்டு டிடிஏ 7294 சிப் போட்டது, எஸ்டி கம்பெனியுடையது, நம் ஊரில் அசெம்பிள் செய்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமானது. இதன் மேல் எல்லை பிளஸ் மைனஸ் 40 வோல்ட். "அதுதான் 40 வரைக்கும் தாங்குதே, 28-0-28 போடலாமே" என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். 28-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 39.6. ராத்திரி இரண்டு மணிக்கு லைன் வோல்ட்டேஜ் 245-க்கு ஏறினால் 40-ஐத் தாண்டிவிடும், சிப்புக்கு ஆபத்து. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் இன்னும் இறக்கி 18-0-18 போதும் என்கிறார். ஓம் குறைந்தால் கரண்ட் இரட்டிப்பாக இழுக்கும், வோல்ட்டேஜையும் அப்படியே வைத்திருந்தால் ஹீட் சிங்க்கில் (சிப்பின் சூட்டை வாங்கி வெளியே விடுகிற உலோகத் தகடு) கை வைக்க முடியாது. ஓம் எத்தனை என்று அவர் முதலில் கேட்டது இதற்குத்தான்.

இந்த கிளாஸ் விஷயத்தில் நிறைய பேர், ஏ என்றால் முதல் ரேங்க், டி என்றால் கடைசி ரேங்க் என்கிற மாதிரி பேசுகிறார்கள். அப்படிக் கிடையாது. அவுட்புட் டிரான்சிஸ்டர் எவ்வளவு நேரம், எந்த விதமாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்தான் அந்த எழுத்து. ஏ கிளாஸில் டிரான்சிஸ்டர் ஓய்வே எடுக்காது, சவாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்ஜினை அணைக்காமல் ஸ்டாண்டில் நிற்கிற ஷேர் ஆட்டோ மாதிரி. சேனலுக்கு 25 வாட்ஸ் வேண்டும் என்றால் பாட்டே ஓடாதபோதும் 50 வாட்ஸுக்கு மேல் சூடாகப் போய்க்கொண்டிருக்கும், அதுவும் நல்ல டிசைனில். தரம் அருமையாக இருக்கும், ஆனால் மே மாதம் தண்டையார்பேட்டை வீட்டில் அதை வைத்துக்கொள்ள ஒரு ஏசியும் சேர்த்து வாங்க வேண்டும். பி கிளாஸில் அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் பார்த்துக்கொள்ளும். கணக்குப்படி 78.5 சதவீதம் வரை திறன் உண்டு, ஆனால் கை மாறும் இடத்தில், பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில், சத்தம் கொஞ்சம் கிழியும். அந்தக் கிழிசலைத் தைக்க இரண்டுக்கும் கொஞ்சம் கரண்டைச் சும்மா ஓட விட்டால் அதுதான் ஏபி. வீடுகளில் இருக்கிற ஆம்ப்ளிகளில் ரொம்ப காலம் ராஜா இதுதான், ஆட்டோவிலும் டீக்கடையிலும் ஓடித் தேய்ந்த சான்யோ எல்ஏ 4440 உட்பட.

இந்தச் சும்மா ஓடுகிற கரண்டில்தான் லோக்கல் செட்டுகள் மாட்டிக்கொள்கின்றன. சிப் போர்டில் அது உள்ளேயே செட் ஆகியிருக்கும். 2எஸ்சி 5200, 2எஸ்ஏ 1943 ஜோடி போட்டுத் தனி டிரான்சிஸ்டரில் செய்கிற போர்டில் ஒரு பிரீசெட்டை (போர்டில் இருக்கிற சின்னத் திருகு ரெசிஸ்டர்) திருகி நாம்தான் வைக்க வேண்டும். வேறு ஒரு இடத்தில் செய்த செட் ஒன்றை நண்பர் வீட்டில் கேட்டிருக்கிறேன், சத்தமாக வைத்தால் பிரமாதம், ராத்திரி மெல்ல வைத்தால் பாடகர் குரலில் மணல் கலந்த மாதிரி ஒரு கரகரப்பு. இவர் கடையில் அதைத் திறந்து, 0.22 ஓம் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் மீட்டர் வைத்துக் காட்டினார், பூஜ்ஜியம். யாரும் பிரீசெட்டைத் தொட்டதே இல்லை. கால் மணி நேரம் சூடேற விட்டு 20 மில்லிவோல்ட்டுக்கு வைத்தார், கரகரப்பு போய்விட்டது. ஜில்லென்று இருக்கும்போதே வைத்துவிட்டால் சூடேற ஏற கரண்ட் கூடிக்கொண்டே போய் டிரான்சிஸ்டரையே சுட்டுவிடும் என்பதையும் சொன்னார். காசு வாங்கவில்லை.

டி கிளாஸ் கதை வேறு. அதில் டிரான்சிஸ்டர் பாதி திறந்த நிலையில் நிற்பதே கிடையாது, முழுக்க ஆன் இல்லையென்றால் முழுக்க ஆஃப், நொடிக்கு லட்சக்கணக்கான முறை. ஆன் நேரம் எவ்வளவு, ஆஃப் நேரம் எவ்வளவு என்பதில் பாட்டு ஒளிந்திருக்கும், கடைசியில் ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் அந்த வேக வெட்டுகளை வடிகட்டிப் பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். பாதி திறந்து நின்றால்தான் சூடு, இங்கே அது இல்லாததால் திறன் 90 சதவீதம் வரை போகும். அதனால்தான் உள்ளங்கை அகலப் போர்டு, சின்ன ஹீட் சிங்க். டிபிஏ 3116 சிப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு வயரிலுமே சிக்னல் வரும், மைனஸ் வயர் கிரவுண்ட் கிடையாது, அதனால் இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாகச் சேர்க்கவோ பாடியில் தொடவோ கூடாது. அண்ணன் அதைச் சிவப்புப் பேனாவில் எழுதி மூடிமேல் ஒட்டியே கொடுத்தார்.

ஜி, எச் என்று இன்னும் இரண்டு உண்டு, வீட்டுக்குத் தேவைப்படாது. 1977-இல் ஹிட்டாச்சி கொண்டுவந்த ஜி கிளாஸில் சின்ன சத்தத்துக்குக் குறைந்த வோல்ட்டேஜ், பெரிய சத்தம் வரும்போது மட்டும் அதிக வோல்ட்டேஜ் என்று இரண்டு சப்ளை வைத்திருப்பார்கள். எச் கிளாஸும் ஏறக்குறைய அதே யோசனைதான். பேஸ் பாக்ஸ் ஓட்டுகிற பழைய கனமான ஆம்ப்ளிகள் பல இந்த ரகம். கடை வாசலில் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி இறக்குவார்களே, அதுதான். அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கருக்கு வரும் அஹுஜா ரக ஆம்ப்ளி வேறு வகை, 100 வோல்ட் லைனில் தெரு முழுக்க வயர் இழுக்கிற ஏற்பாடு. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது பவர் சப்ளை. என்னைக் கேட்டால் வீட்டில் கேட்கிறவர் கிளாஸைப் பற்றிக் கவலைப்படுகிற நேரத்தில் பாதியை இங்கே செலவழிக்கலாம். என் செட்டில் இருப்பது சாதா இஐ டிரான்ஸ்பார்மர், சதுரமாகத் தகடு அடுக்கியது. டொராய்டல் என்று வட்டமாக வருவதும் கேட்டால் போட்டுத் தருவார், விலை கூடும், உயரம் குறையும், பக்கத்தில் இருக்கிற வயர்களுக்குள் ஹம்மை, அதாவது ஊம் என்கிற இரைச்சலைக் கொட்டுவதும் குறைவு. ஆனால் ஸ்விட்ச் போட்ட நொடியில் டொராய்டல் ஒரு பெரிய கரண்டை இழுக்கும், பெரிய சைஸ் என்றால் அதைத் தணிக்க சாஃப்ட் ஸ்டார்ட் வேண்டும், இல்லாவிட்டால் ஃபியூஸ் அடிக்கடி போகும். இஐ போட்டால் அதை வால்யூம் கன்ட்ரோல் போர்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும். என் பெட்டியில் முதலில் இரண்டும் நெருங்கி இருந்ததால் வால்யூமை மூடினாலும் லேசாக ஊம் என்று கேட்டது. திரும்ப எடுத்துப் போனேன். டிரான்ஸ்பார்மரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஆம்ப்ளியை ஓட விட்டபடியே மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊம் அடங்கின கோணத்தில் போல்ட் போட்டார். இந்த வித்தையை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், 230 வோல்ட் திறந்து கிடக்கும்.

கெப்பாசிட்டர், பிளஸ் பக்கம், மைனஸ் பக்கம் ஒவ்வொன்றுக்கும் 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். விலையைக் குறைக்க 2,200 போட்டு ஒப்பேற்றுகிற செட்டுகள் நிறைய. நம் 50 ஹெர்ட்ஸ் லைனில் டயோடுகள் நொடிக்கு 100 தடவைதான் கெப்பாசிட்டரை நிரப்பும், நடுவில் இருக்கிற 10 மில்லி செகண்டை அது தன் கையிருப்பை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பேஸ் அடித்து 2 ஆம்பியர் இழுத்தால் 10,000-இல் 2 வோல்ட் இறங்கும், 2,200-இல் 9 வோல்ட். பறை, தவில், கானா பாட்டின் டோலக் எல்லாம் அடிக்கிற இடத்தில் சத்தம் சப்பென்று போகிறது என்றால் நிறைய சமயம் காரணம் இதுதான், பாவம் ஸ்பீக்கரை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

எஸ்எம்பிஎஸ் இந்த 50 ஹெர்ட்ஸுக்காகக் காத்திருப்பதே இல்லை. வீட்டு லைனை நேராக டிசி ஆக்கி, 325 வோல்ட் பக்கம், அதைப் பல்லாயிரம் ஹெர்ட்ஸில் வெட்டி, ஒரு சின்ன ஃபெரைட் டிரான்ஸ்பார்மரில் விட்டு, திரும்ப டிசி ஆக்கும். வேகம் கூடினால் டிரான்ஸ்பார்மர் சின்னதாகும், அதனால்தான் எடை கிலோக்களிலிருந்து கிராம்களுக்கு இறங்குகிறது. இதன் நிஜமான லாபம் கோடையில் தெரிந்தது. எங்கள் தெருவில் எல்லா வீட்டு ஏசியும் ஓடுகிற ராத்திரி நேரத்தில் லைன் 190-க்கு இறங்கும். என் டிரான்ஸ்பார்மர் செட்டில் அப்போது 33 இருந்த இடத்தில் 27 வோல்ட்தான் நிற்கும், 50 வாட்ஸ் முப்பத்து சொச்சமாகிவிடும். தம்பியின் செட் 24-இலேயே அசையாமல் நிற்கும். கேட்கும்போது இந்த வித்தியாசம் காகிதத்தில் தெரிகிற அளவுக்குத் தெரியாது, பவர் பாதியாகக் குறைந்தாலும் காதுக்கு 3 டெசிபல்தான். முழு வால்யூமில் ஓட்டுகிறவர்களுக்குத்தான் அடிபடும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் அப்படித்தான், இரும்பு டிரான்ஸ்பார்மர் உறுமும், எஸ்எம்பிஎஸ் கண்டுகொள்ளாது.

ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கில் போட்டால் ஆம்ப்ளியின் இரும்பு மூடியில் புறங்கை பட்டால் லேசாகச் சுர்ரென்று இழுக்கும், உள்ளே லைன் பக்கத்துக்கும் டிசி பக்கத்துக்கும் நடுவில் போட்டிருக்கிற சின்ன கெப்பாசிட்டர் வழியாகக் கசிகிற கரண்ட் அது. பழைய வீடுகளில் எர்த் பாயிண்ட் பேருக்குத்தான் இருக்கும், முதலில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஏஎம் ரேடியோ வைத்தால் இரைச்சல். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், போனால் போனதுதான். இரும்பு டிரான்ஸ்பார்மர் சப்ளை கெட்டுப்போனால் நாலு டயோடு, இரண்டு கெப்பாசிட்டர், ஒரு ஃபியூஸ், அதில் ஒன்றுதான், மத்தியானத்துக்குள் கைக்கு வந்துவிடும். மலிவு எஸ்எம்பிஎஸ்ஸை அண்ணனே திறந்து பார்த்துவிட்டு, "இத்த நோண்டுற நேரத்துல புச்சு வாங்கிக்கலாம்பா" என்று ஓரமாக வைத்துவிடுகிறார்.

சத்தம் எப்படி? ஒரே ஸ்பீக்கரில் இரண்டையும் ஒரே அளவுக்கு வைத்துக் கேட்டால் வீட்டில் யாருக்கும் பெரிதாகப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கூர்ந்து கேட்டால் டி கிளாஸில் ட்ரெபிள் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் கொஞ்சம் மாறுகிறது. டிபிஏ 3116 சிப் ஃபில்டருக்கு (கடைசியில் இருக்கிற அந்தக் காயிலும் கெப்பாசிட்டரும்) முன்னாலேயே தன்னைத் திருத்திக்கொள்கிறது, ஃபில்டருக்குப் பிறகு நடப்பது ஸ்பீக்கரின் ஓமைப் பொறுத்தது. வயலின், புல்லாங்குழல் நிறைய கேட்கிறவருக்கு நான் ஏபி செட்டைத்தான் சொல்வேன். தூக்கிக்கொண்டு போக, மாடியில் போட, வண்டி பேட்டரியில் ஓட்ட டி கிளாஸ்தான் சரி.

குறைகள். கேபினெட் வேலை சுமார், ஸ்பீக்கர் டெர்மினல் ஒன்று சாய்ந்து நிற்கிறது, முன்பக்க எழுத்து ஸ்டிக்கர் இப்போதே உரிகிறது. சொன்ன நாளில் கிடைக்காது, "நாளிக்கி" என்றால் அந்த வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் காற்றுக்கு ஏற்ற எந்த ஏற்பாடும் அவர் செய்வதில்லை, மழைக்காலம் முடிவதற்குள் வால்யூம் கன்ட்ரோல் கரகரக்க ஆரம்பித்தது, உள்ளே ஸ்க்ரூவெல்லாம் துரு. கிளீனர் அடித்துக் கொடுத்தார், ஆனால் ஆரம்பத்திலேயே மூடின வகை கன்ட்ரோல் போட்டிருக்கலாம். பில் கிடையாது, வாரண்டி வாய் வார்த்தைதான், இதுவரை காப்பாற்றியிருக்கிறார்.

ஏபி செட் எல்லாம் சேர்த்து 6,000-க்குக் கொஞ்சம் கீழே, அதில் பெரிய பங்கு டிரான்ஸ்பார்மருக்கு. டி கிளாஸ் செட் அதில் பாதிக்கும் குறைவு. போவதாக இருந்தால் ஆடி மாதம் மட்டும் வேண்டாம், கூழ் ஊற்றுகிற கோயில்களுக்குப் போகிற ஆம்ப்ளிகள் வாசல் வரை அடுக்கியிருக்கும், வீட்டு வேலையை அப்போது தொடவே மாட்டார். முன்பணம் பாதி கேட்பார். பழைய டேப் ரெக்கார்டர் செட், பழைய யுபிஎஸ் என்று எதிலாவது நல்ல டிரான்ஸ்பார்மர் வீட்டில் கிடந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், லோடு போட்டு அளந்து பார்த்து, சரியாக வந்தால் அதையே மாட்டிவிட்டு அந்தக் காசைக் கழித்துக்கொள்கிறார்.